சிவப்பு மைச் சீட்டு

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஒரு பிரசவ மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் மேகநோய்க்கு, அதாவது சிபிலிஸுக்கு, சோதனை உண்டு. புண், காய்ச்சல் எதுவும் இல்லாதவர்களுக்கும்தான். வெளியே தெரியாமல் இருந்துகொண்டே பிள்ளையைக் கொன்றுவிடும் நோய் அது. தினமும் அதே வரிசை: ரத்தம் எடுப்பது, நம்பர் ஒட்டுவது, சீரம் பிரிப்பது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, சீட்டு எழுதுவது. சாயங்காலம் கழுத்து நிமிராது.

நோய் இல்லையென்றால் நீல மை, இருந்தால் சிவப்பு. பழைய வழக்கம். நானும் அப்படியே எழுதினேன். படிக்கத் தெரியாத பெண்களுக்கும் நிறம் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து, இது மூன்றாவது. அவள் சீட்டு சிவப்பு. பின்னால் நின்ற வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அடியே, உனக்கு மட்டும் செவப்பு! செக்கச்செவேல்னு புள்ள பொறக்கப் போவுது!”

வரிசை சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.

“ஏம்மா, எங்க ஊட்டுப் பொண்ணுக்கு மட்டும் என்னா? ஏதாவது இருந்தா சொல்லிடு. இப்பவே அவ அம்மா ஊட்டுல வுட்டுட்டு வந்துடுறேன்.”

அனுப்பிவிட்டால் நோயைத் தீர்க்கும் ஊசி இல்லை. ஊசி இல்லையென்றால் இந்தப் பிள்ளையும் இல்லை.

“நீல மை தீந்துடுச்சும்மா. இனிமே எல்லாருக்கும் செவப்புதான்.”

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. கையிலிருந்த சீட்டுகளை எல்லாம் கிழித்து, சிவப்பில் திரும்ப எழுதினேன். உண்மையான முடிவுகளைத் தனித்தாளில் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். மீன்காரப் பெண்ணுக்கும் சிவப்புச் சீட்டு வந்தது.

“தோ, உனக்கும் செவத்த புள்ளதான் போ,” என்று சொல்லிவிட்டு மாமியார் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துச் சொன்னார். பத்து நாள் பென்சிலின் ஊசி, புருஷனுக்கும் சோதனை. அவர் வராவிட்டால் நோய் திரும்பவும் தொற்றிக்கொள்ளும்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். “அவரு வந்தா இந்தப் புள்ள தங்குமா?”

ஆறு நாள் தனியாகவே வந்து ஊசி போட்டுக்கொண்டாள். ஏழாம் நாள் புருஷனும் கூட வந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு என் மேஜை முன் நின்றான்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. கல்லு மாதிரி இருக்கேன். மூணு நாளா இவ ஊட்டுல வாயே தொறக்கல, அதான் வந்தேன்.”

“இவங்களும் நல்லாத்தான் இருந்தாங்க,” என்றேன். “கையை நீட்டுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் அப்போதும் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான்.