கம்பியில் மறந்த துண்டு

என் பிழைப்புக்குச் சத்தம் ஆகாது. ஆடியோ புத்தகங்களுக்குக் கதை வாசித்துக் கொடுக்கிறேன். வீட்டின் பின்னறைதான் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், என் மனைவிக்கு அது இன்னும் பழைய சாமான் ரூம்தான். திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற ரோட்டோரம், ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிற ரிக் லாரிகள் ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டே போகிற இடத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, அமைதி வேண்டும் என்று அலைகிற ஆளை என்னவென்று சொல்ல?

லாரியைக்கூடச் சமாளித்துவிடலாம். ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி வாசித்தால் தீர்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் விசைத்தறி அப்படி இல்லை. அவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு தறி. என் பின்னறை ஜன்னலுக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். தறி ஓட ஆரம்பித்தால் என் மேஜைமேல் இருக்கிற தண்ணீர் டம்ளர் நடுங்கும்.

ஆரம்பத்தில் போய்க் கேட்டேன். “ஏனுங்க அக்கா, நான் பேசற நேரம் மட்டும் சித்த நிறுத்திக்கறீங்களா?” அக்கா சிரித்தார். “நீ எப்பப் பேசறீன்னு எனக்கெப்படித் தெரியும் சாமி? தறிச் சத்தத்துல இடி விழுந்தாலே எனக்குக் கேக்காது.” அப்புறம் அவரே வழி சொன்னார். பேசப்போகும்போது ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிட வேண்டும். அது தொங்கினால் தறி நிற்கும். நான் அவிழ்த்தால் ஓடும். துண்டைக்கூட அவர்தான் கொடுத்தார், அவர் தறியில் நெய்ததுதான்.

அந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு நன்மையும் கிடையாது. முதலாளி பாவு கொடுப்பார், அந்த நூலைத் தறியில் ஏற்றிக் கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டும். தறி நின்றால் கூலியும் நின்றது. சுணங்கினால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். வீட்டுக்காரர் இல்லாமல் அந்த இரண்டு தறியை வைத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் துண்டைக் கட்டினேன்.

ஒரு நாள் பாதி வாசிப்பில் கதவைத் தட்டினார். கதவைத் திறந்து, “என்னங்க?” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொன்ன தோரணை இருக்கிறதே, கடன்காரனிடம்கூட யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். “ஒண்ணுமில்ல சாமி, முடிஞ்சிருச்சான்னு கேக்க வந்தேன்” என்று திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டியதே இல்லை.

அவருக்காகத்தான் ஜன்னலை மாற்றுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு ஒரு நல்ல ஜன்னல் வேண்டும் என்கிற ஆசை. மாதக்கணக்கில் அதைப் பற்றியே படித்தேன், வீடியோ பார்த்தேன். தள்ளித் திறக்கிற ஜன்னல் ஆகாது, அது ஓடுகிற தடத்து இடுக்கில் சத்தம் நுழையும். கதவு மாதிரித் திறக்கிறது பரவாயில்லை, ரப்பர் அழுத்திப் பிடிக்கும். எல்லாவற்றிலும் உசத்தி, திறக்கவே முடியாமல் சுவரோடு பதித்துவிடுகிற கண்ணாடி. அதிலும் ஒரு கண்ணாடி தடிப்பாக, இன்னொன்று மெல்லிசாக, நடுவில் காற்று இடைவெளி. சேலத்தில் ஒரு கடையில் சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒலிபெருக்கியை வைத்து ஹாரன் சத்தம் போட்டுக் காட்டினார்கள். கூண்டின் கதவைச் சாத்தியதும் ஹாரன் கொசு மாதிரி ஆகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தறியின் அதிர்வு காற்றில் மட்டுமா வருகிறது, தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆசைப்பட்டுவிட்ட பிறகு அதையெல்லாம் யார் யோசிப்பது!

ஆட்கள் வருவதற்கு முன்தினம் அக்காவிடம், “இந்த வாரம் பூராப் பெரிய புஸ்தகம் ஒண்ணு படிக்கோணுமுங்க அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க” என்றேன். ஜன்னல் மாற்றப்போவதைச் சொல்லவில்லை. மாட்டிச் சோதித்துவிட்டு, “இனி இஷ்டத்துக்கு ஓட்டுங்க” என்று போய் நிற்கலாம் என்று ஆசை.

மாட்ட வந்த அன்று காலையில் கொஞ்சம் வாசித்தேன், துண்டு கம்பியில் இருந்தது. ஆட்கள் பழைய மரக்கதவுகளைக் கழற்றினார்கள். வெளிக் கம்பியை அப்படியே விட்டு, உள்பக்கமாகக் கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் பசை பூசி அடைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துண்டு சிவப்பாகத் தெரிந்தது. என்ன தெளிவான கண்ணாடி என்று மெச்சிக்கொண்டே தடித்த திரையைப் போட்டு மூடினேன்.

மறுநாளிலிருந்து ஸ்டுடியோவில் அப்படி ஓர் அமைதி. என் மூச்சு எனக்கே கேட்டது. ஒரு பொட்டுத் தறிச் சத்தம் இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, “ஜன்னல்னா இதுதான் ஜன்னல்” என்று அளந்தேன். கடைக்காரருக்குக்கூட நன்றி சொன்னேன்.

ஒரு சாயங்காலம் மனைவி கேட்டாள். “ஏங்க, அக்கா தறி ஓட்டறதில்லையா?”

“ஓடிட்டுதான் இருக்கும். ஜன்னல் அப்படி. ஒத்துக்க மனசு வரலையாக்கும்?”

“நான் நிக்கறது சமையக்கட்டுல. இங்க எந்த ஜன்னலுங்க மாத்துனீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. அதை ஒத்துக்கொள்ளாமல் எரிச்சலாக்கிக்கொண்டேன். “எங்காச்சும் ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு எட்டு வைத்துப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, போகவில்லை.

அடுத்த நாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்றது. தறியில் ஏற்றாமல் வைத்திருந்த பாவை இரண்டு ஆட்கள் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடினேன்.

“என்னங்க அக்கா, பாவு எங்க போகுது?”

“ஓடாத தறிக்கு எதுக்குப் பாவுன்னு மொதலாளி வேற ஊட்டுக்குக் குடுக்கறாரு.”

“ஏனுங்க ஓட்டல?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் போனார். என் ஜன்னல் கம்பியில் சிவப்புத் துண்டு வெயிலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“ராவும் பகலும் தொங்குது. நீ வண்டி எடுத்துட்டு வெளிய போனா ஓடியாந்து ஓட்டுவேன். வண்டி திரும்பி வாரதப் பாத்தா நிறுத்திருவேன். அதுல எத்தன முழம் நெய்ய முடியும்?”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே அக்கா!”

இதைக் கேட்ட வாயை என்ன செய்ய?

“கேக்க வந்தா நீ பாக்கற பார்வை எனக்குத் தெரியாதா?” அக்காவின் குரல் உயர்ந்தது. டெம்போக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஊருக்கெல்லாம் கதை படிக்கறியே சாமி, பக்கத்து ஊட்டுக்காரிகிட்ட ‘முடிஞ்சுது, ஓட்டிக்க’ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?”

துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். அன்றே முதலாளியைப் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையது என்றேன். கேட்டுக்கொண்டார். கொடுத்த பாவைத் திரும்பக் கேட்க முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம், “ஜன்னல் மாத்திட்டேனுங்க. இனி சத்தம் வராது. தயவுசெஞ்சு ஓட்டுங்க” என்றேன். பாதி நெய்து நின்ற ஒரு தறிதான் மிச்சம். அதை அவர் ஓட்டிவிட, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தடக், தடக், தடக்.

டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. கண்ணாடி தடிப்பாகத்தான் இருந்தது, பசையிலும் குறையில்லை. சத்தம் தரையில் ஏறி, மேஜைக் காலில் ஏறி, என் முழங்கைக்கு வந்தது. அத்தனை நாளும் ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்ட அமைதி, அக்கா தன் கூலியை நிறுத்தி எனக்குக் கொடுத்தது.

தறி நின்றது. வாசலிலிருந்தே அக்கா குரல் கொடுத்தார், உள்ளே வரவில்லை. “சாமி, தறிச் சத்தம் கேக்குதா?”

கதவைத் திறந்தேன்.

“இல்லீங்க அக்கா. ஒண்ணுமே கேக்கல.”

அவர் முகத்தில் கோபம் கொஞ்சம் தணிந்தது. “நல்ல ஜன்னல்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்த் தறியை ஓட்டினார்.

இப்போது அவர் சாப்பிட உட்காரும் நேரத்திலும், கரண்ட் போகும் நேரத்திலும் லேப்டாப் பேட்டரியில் வாசிக்கிறேன். புத்தகம் சொன்ன தேதிக்கு முடியவில்லை. இரண்டாவது தறிக்கு இன்னும் பாவு வரவில்லை. ஒற்றைத் தறியின் சத்தம் நாள் முழுக்க என் அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது.