அப்பாவின் சரக்கு ஆட்டோவும் என் வளைவுக் கணக்கும்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒரே ஒரு கணக்கு சரியாக வந்தவுடன் நான் விஞ்ஞானி ஆகிவிட்டதாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் அப்பாவின் சரக்கு ஆட்டோவுக்கு ஆலோசகனாகவும் ஆனேன். முட்டாள்தனத்தில் இதற்கு மேல் பதவி உயர்வு கிடையாது.

கணக்கு இதுதான். வளைவில் திரும்பும் வண்டியை வெளியே சறுக்காமல் பிடித்து வைப்பது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு. அது எந்த வேகம் வரை தாங்கும் என்று சமன்பாடு எழுதினால், இரண்டு பக்கமும் நிறை வரும். இரண்டையும் அடித்துவிடலாம். ஆக, வண்டியில் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சறுக்கும் வேகம் ஒன்றேதான்.

இதைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா வீரபாண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து வெட்டிய பனியன் துணிக் கட்டுகளைத் தைக்கும் யூனிட்டுக்குக் கொண்டுபோவார். டிரைவர் கூண்டின் உயரத்துக்கு மேல் ஒரு கட்டு வைக்க மாட்டார். அந்தப் பக்கத்து டிரைவர்கள் யாருமே வைக்க மாட்டார்கள். ஒரு நடையில் முடிவதை இரண்டு நடையாக அடித்து டீசலைக் கொளுத்தினார்கள். அறிவியலுக்கு இந்த ஊரில் மரியாதையே இல்லையா?

பனியன் வேஸ்ட் துணியை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, வழியிலிருந்த வளைவை அளந்தேன். ஆரம் இருபது மீட்டர். உராய்வுக் குணகம் புத்தகத்தில் 0.5 என்றிருந்தது. எங்கள் ரோடும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். விடை, மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர்.

“எத்தனை லோடு வேண்ணாலும் ஏத்துங்கப்பா. முப்பத்தாறு வரைக்கும் சறுக்காது.”

அப்பா நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “அத்தனையும் நீயேவா போட்டே?” என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் இரண்டு நடைச் சரக்கும் ஒன்றாக ஏறியது. கூண்டுக்கு மேல் இன்னொரு கூண்டு உயரம். என் கணக்கில் உயரத்துக்கு எழுத்தே கிடையாது என்பதால் நான் கவலைப்படவில்லை. அப்பா எச்சரிக்கையாக முப்பதில்தான் திருப்பினார். ஆட்டோ வளைவில் அப்படியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கட்டுகள் முழுக்க வெள்ளைத் துணி, முழுக்கச் சாக்கடையில்.

சாயங்காலம் நோட்டோடு கம்பெனிக்கு ஓடினேன். கட்டிங் மாஸ்டர் தெற்கத்திக்காரர். அப்பாவை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஓவர்லோடு ஏத்துனா வண்டி சறுக்காம என்னவே செய்யும்?”

எனக்குப் பொறுக்கவில்லை. “லோடுக்கும் சறுக்குறதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. நிறை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிருதுங்க” என்று நோட்டை நீட்டினேன்.

“சாக்கடைல கெடக்குறது எந்துணி, லே. உன் நோட்டை வச்சுத் தொடைக்கவா?” என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். “ரெண்டு வருசமா ஒழுங்காத்தானவே ஓட்டுனீரு. இவ்வளவு ஒசரத்துக்கு ஏத்தச் சொல்லி யாரு சொன்னா?”

“யாருஞ் சொல்லலீங்க. நானாத்தான் ஏத்துனேனுங்க.”

நாளையிலிருந்து வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக மாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல் வந்ததுதான் அதிகம். கணக்குப் போட்டவன் பக்கத்திலேயே நிற்கிறேன், இந்த மனிதர் தானாக ஏற்றியதாகச் சொல்கிறார்! கணக்கின் பேரையே எடுக்கவில்லை! என் கணக்கை மறைத்துவிட்டார் என்றுதான் குமுறினேன். அவர் மறைத்தது கணக்கை அல்ல, என்னை என்பது அன்று மண்டையில் ஏறவில்லை.

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டேன். “ஏனுங்கப்பா ஒத்துக்கிட்டீங்க? முப்பதுல போனா அந்த வளைவுல சறுக்கவே சறுக்காதுங்க!”

“சறுக்கல கண்ணு. கவுந்துருச்சு.”