பன்னிரண்டாவது கருவி

திண்டிவனத்தில் அப்பாவுக்குக் காயலான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. தொண்ணூற்றைந்தோ ஆறோ, விழுப்புரத்தில் மூடிப்போன ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் கட்டில், பீரோ எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் விதவிதமான இடுக்கிகள். ஒன்றைப் பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். அவரும் அதில்தான் பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு புதுச்சேரியிலிருந்து ஒரு கிழட்டு டாக்டர் வந்தார். பல் டாக்டர்தான். ஆனால் பழைய பிரசவக் கருவிகளைச் சேர்ப்பாராம். பஜ்ஜி இடுக்கியைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யோவ், இது கொழந்த தலையப் பிடிச்சி இழுக்கறதுய்யா!"

"கழுவித்தாங்க குடுத்தேன்," என்றார் அப்பா.

டாக்டரிடம் ஒரு தடித்த படப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் கீழே அதை உருவாக்கிய டாக்டரின் பெயர். எல்லாரும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் ஆண்கள். கண்ணாடி போட்டும் அவருக்குப் பொடி எழுத்து தெரியவில்லை.

"எல்லாத்துக்கும் பேர் கண்டுபிடிச்சிட்டா புக்கு உனக்கு. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு," என்றார் என்னிடம்.

எனக்கு ஒன்பது வயது. பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் எங்கள் வீட்டில் கிடையாது. வெறியோடு உட்கார்ந்தேன். வளைவையும் பிடியையும் பார்த்துப் பார்த்துப் பதினொன்றுக்குப் பெயர் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது அகப்படவில்லை. கத்தரிக்கோல் மாதிரி இருந்தது, ஆனால் கூர் வெளிப்பக்கம். இடுக்கிப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

காபி கொண்டுவந்த அம்மா நின்று பார்த்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"அங்க இன்னா தேடிக்கினு கெடக்கற? இது கொழந்தய உயிரோட எடுக்கறதுக்கு இல்ல."

டாக்டர் கடைசிப் பக்கங்களைத் திருப்பச் சொன்னார். இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. படிக்காதவள் என் பதிலைப் பிடுங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"எனக்குப் போட்டாங்க. அந்த ஆஸ்பத்திரிலதான். உனக்கு முன்னாடி." டம்ளரைக் கீழே வைத்தாள். "டாக்டர், இதச் செஞ்சவரு பேரு இன்னான்னு போட்டுக்கீது?"

அவர் பெயரைச் சொன்னார். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். வாயில் நுழையவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு முன்னால் யார்?

"பொய் சொல்றாங்க டாக்டர். எனக்கு முன்னாடி யாருமே இல்ல. நாந்தான் மூத்தது!" என்று கத்தினேன்.

அப்பா எழுந்து ரோட்டுப் பக்கம் போனார். டாக்டர் புத்தகத்தை என் மடியில் வைத்தார். நான் சொன்னதுதான் சரி, அதனால்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.