ஏரிக்கரை வீடும் எட்டாத மூலையும்

ஒழுகல் அடைக்கிறவன்கிட்ட தண்ணி எங்க சொட்டுதுன்னு எல்லாரும் காட்டுவாங்க, எங்க இறங்குதுன்னு மட்டும் ஒருத்தரும் காட்ட மாட்டாங்க. பைப் வேலை பாக்கிறவங்க, ஏ.சி. ரிப்பேர் பண்றவங்க, நின்னுபோன லிஃப்ட்டைக் கிளப்புறவங்க, உங்களுக்கெல்லாம் இது சொல்லாமலே புரியும். நான் யாங்கோன்ல மொட்டைமாடி, கூரை ஒழுகல் அடைக்கிறவன். இந்த ஊர் வெயில் தளத்தை வறுத்து வெடிக்க வெச்சிடும். அப்புறம் மழை வந்து அந்த வெடிப்புக்குள்ள மாசக்கணக்குல குடித்தனம் பண்ணும். ஏரிக்கரை வீடுன்னா இன்னும் மோசம், காத்து மழையைப் பக்கவாட்டுல வாரி அடிக்கும். அப்படி ஒரு வீட்டுல நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன். சிரிக்கிறவங்க தாராளமா சிரிங்க, எனக்கு இப்போ கோவம் வராது.

நாலாவது ஆள்

வீட்டுக்காரம்மா பேரு டோ மியா. டவுனுக்குள்ள கியாக்டடாவுல ஒரு பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. அப்பா ரயில்வேயில இருந்த தமிழர், அம்மா பர்மாக்காரங்க. சாதாரணமா பர்மிய மொழியில பேசுவாங்க, கோவமோ சந்தோஷமோ வந்தா தமிழ் வந்துடும். இன்யா ஏரி ஓரமா அவங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டின மாடி வீடு அது. வீட்டுக்காரர் இப்போ இல்ல. மேல்மாடி படுக்கையறையில கட்டிலுக்கு நேர் மேல ஒழுகுது. ரெண்டு மழைக்காலமா அவங்க கீழ ஹால்ல சோஃபாவுலதான் தூங்குறாங்க. அதுலயும் ராத்திரியில எந்திரிச்சு மேல ஏறி, சொட்டுக்கு அடியில வெச்ச பேசின் ரொம்பினதும் கொட்டிட்டு வரணும்.

சிங்கப்பூர்ல இருக்கிற மகன் கோ மின், இந்த மழையிலயும் ஒழுகினா வீட்டை வித்துட்டு அம்மாவை ஒரு அடுக்குமாடி கொண்டோவுல குடி வெச்சிடுறதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாராம். டோ மியாவுக்கு அந்த வீட்டை விட்டு நகர மனசே இல்ல. நான் சீலிங்கைப் பாத்தேன், ஜன்னலைப் பாத்தேன், ரொம்பத் தெரிஞ்ச மாதிரி சுவத்தைத் தட்டிப் பாத்தேன். அவங்க கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

“பூசியும் நிக்கலன்னதும், முதல்ல வந்தவரு ஜன்னல்னாரு, அடுத்தவரு காத்துன்னாரு, மூணாவது ஆளு என் கர்மவினைன்னாரு. நீ என்ன சொல்லப் போற தம்பி?”

ரெண்டு சாமியும் கீழ இறங்கின கதை

நான் சொன்னது: “தளம் பூராவும் பூசிடலாம் அக்கா.” என்கிட்ட கோ துன்னுன்னு ஒரு கொத்தனார் இருக்காரு. கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், தேவையில்லாம பேச மாட்டாரு. மாடி ஏறினவரு ஒரு இடத்துக்கு வந்ததும் நின்னுட்டாரு. அதுக்கு நேர் கீழதான் சாமி அறை. புத்தர் தலைக்கு மேல காலை வைக்க மாட்டேன்னுட்டாரு. இந்த ஊர்ல வேலை செய்யிற உங்களுக்கு இது புதுசு இல்ல. சாமி அறையை மேல்மாடியில வைக்கிறதே யாரும் தலைக்கு மேல நடக்கக் கூடாதுன்னுதான். ஒழுகல் வந்தா நாங்க எங்க நடக்கிறது?

டோ மியா மெழுகுவத்தி ஏத்தி, மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டு, புத்தரைக் கீழ ஹாலுக்குக் கொண்டு வந்தாங்க. அதே அலமாரியில அவங்க அப்பா வெச்சுக் கும்பிட்ட முருகன் படமும் இருந்துச்சு. அதையும் இறக்கணுமான்னு கோ துன் மெதுவா என்னைக் கேட்டாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள டோ மியாவே பதில் சொல்லிட்டாங்க.

“அவரு மலை உச்சியில நிக்கிற சாமி, நீ தலைக்கு மேல நடந்தா புத்தர் மாதிரி பொறுத்துக்க மாட்டாரு. மரியாதையா அவரையும் இறக்கு.”

மாங்கா மழை

திஞ்ஜான் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியே வேலையை முடிச்சிட்டோம். வெடிப்பெல்லாம் அடைச்சு, மேல ரப்பர் பூச்சு ரெண்டு கை போட்டு, தளம் பளபளன்னு இருந்துச்சு. நான் மார்தட்டிக்கிட்டு கியாரண்டி வேற கொடுத்துட்டேன். சாமிங்க ரெண்டு பேரும் மேல போனாங்க. டோ மியாவும் சோஃபாவை விட்டுட்டு கட்டிலுக்குப் போனாங்க. மழைக்காலம் தொடங்கினதும் மகன் வந்து பாக்கிறதா ஏற்பாடு.

மழைக்காலத்துக்கு முன்னாடி, மாங்கா பழுக்கிற நேரத்துல, இங்க திடீர்னு ஒரு மழை அடிச்சிட்டு ஓடும். அன்னிக்கும் அடிச்சுது. நான் மிங்கலா தாங்ஞுன்ட்ல என் வீட்டு வாசல்ல உக்காந்து, ‘ஆஹா, நல்ல மழை’ன்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, என் புத்தியை என்ன சொல்ல! ஃபோன் அடிச்சுது. டோ மியா தமிழ்ல ஆரம்பிச்சாங்க. டீ கிளாஸைக் கீழ வெச்சிட்டேன்.

“தம்பி, உன் கியாரண்டி என் மெத்தையில சொட்டுதுப்பா.”

நாலு கலரும் நின்ன இடம்

மறுநாள் நானும் கோ துன்னும் மாடியில நின்னோம். கட்டிலுக்கு நேர் மேல தளம் சும்மா கல்லு மாதிரி இருக்கு, ஒரு கீறல் இல்ல. அப்போ தண்ணி வேற எங்கயோ இறங்கி, தளத்துக்குள்ளயே ஓடி வந்து இங்க சொட்டுது. எங்கன்னு தேடி நடந்துக்கிட்டே போனா, வடக்கு மூலை வந்ததும் எங்க பூச்சு கோடு போட்ட மாதிரி நின்னுபோயிருந்துச்சு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுற கொடி. கொடி நிறைய தமெயின்.

வெளியூர் ஆளுங்களுக்காகச் சொல்றேன். தமெயின்னா இங்க பொம்பளைங்க இடுப்புல கட்டுற துணி. அது காயிற கொடிக்கு அடியில ஆம்பளை குனிஞ்சு போனா அவனோட மகிமை எல்லாம் போயிடும்னு ஊர் நம்பிக்கை. துணி இல்லாட்டியும் கொடி கொடிதான், ஒருத்தனும் போக மாட்டான். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனா இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன், கால் தானா ஒதுங்கிடுது, நான் என்ன பண்ண? உக்காந்து பூச்சு ஓரத்தைச் சுரண்டிப் பாத்தேன். எங்க வெள்ளைக்கு அடியில ஒரு பச்சை, அதுக்கு அடியில சாம்பல், அதுக்கும் அடியில கறுப்புத் தார். எனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அதே கோட்டுல நின்னிருக்காங்க! கோ துன்னும் குனிஞ்சு பாத்தாரு. என்னை அவரு ‘சயா’ன்னுதான் கூப்பிடுவாரு, வாத்தியார்னு அர்த்தம்.

“நம்ம எல்லாரையும் ஒரே அம்மாதான் வளத்திருப்பாங்க போல, சயா.”

கேக்கிறது யாரு?

இனி வேலை சுலபம். கொடியைக் கழட்டச் சொல்லணும், அவ்வளவுதான். ஆனா எப்படிச் சொல்றது? பேங்க்ல பெரிய பதவியில இருந்த அம்மாகிட்ட போய், ‘உங்க தமெயினுக்குப் பயந்துதான் அந்த மூலைக்கு நாங்க யாரும் போகல’ன்னா? நான் கீழ இறங்கி, அவங்க கொடுத்த டீயைக் குடிச்சிட்டு, ஏரியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மகன் வர்ற நாள் நெருங்கிக்கிட்டே இருக்கு. வீட்டு புரோக்கரையும் கூட்டிட்டு வரப் போறாராம். எனக்குச் சோறு இறங்கல.

என் சம்சாரம் செல்வி என்னன்னு கேட்டா. சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுல கதவைத் திறந்து பாத்தாங்க. அப்புறம் என் ஃபோனைப் பிடுங்கி டோ மியாவைக் கூப்பிட்டு, ரெண்டே வாக்கியத்துல விஷயத்தைச் சொல்லிட்டா. போச்சுடான்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். அப்புறம் ஃபோனுக்குள்ள இருந்தும் சிரிப்பு வந்துச்சு, ரெண்டு பொம்பளைங்களும் நிறுத்தவே இல்ல. செல்வி கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஃபோனை என் கையில வெச்சா.

“அவங்க கொடியைக் கீழ கட்டிக்கிறாங்களாம். இதைக் கேக்க நாலு ஆம்பளைங்களுக்கு வாய் வரல, இதுல கியாரண்டி வேற!”

பல்லு பிடுங்கினோம்

காலையில மூலை காலியா இருந்துச்சு. கொடி கட்டின இரும்புக் கம்பத்தைப் பிடிச்சு ஆட்டினேன், ஆடுற பல்லு மாதிரி கையோட வந்துடுச்சு. என்னிக்கோ யாரோ தளத்தை முழுசாத் துளைச்சு போல்ட் போட்டிருக்கான். போல்ட் துருப்பிடிச்சுக் கரைஞ்சு, அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி ராஜபாட்டையில போயிட்டு இருந்திருக்கு. எனக்குக் கோவத்துக்குப் பதிலா அப்படி ஒரு சந்தோஷம்! ஓட்டையைப் பாத்து ‘வாடா மவனே’ன்னு கத்தியே புட்டேன்.

அடைச்சு, பூசி, காய விட்டு, வடிகால் வாயை மூடி மாடி பூரா தண்ணி கட்டிச் சோதிக்கணும். பாதி ரொம்பினதும் கரண்ட் போய் மோட்டார் நின்னுடுச்சு. யாங்கோன் கரண்ட் எப்போ வரும்னு உங்களுக்கே தெரியும், அதுக்காகக் காத்திருந்தா மழைக்காலமே முடிஞ்சிடும். மீதியை வாளியால தூக்கி ஊத்தினோம். தண்ணி மாடியில நின்னுச்சு, கீழ சீலிங் காய்ஞ்சே கிடந்துச்சு. கோ துன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில உக்காந்துட்டாரு.

“மகிமை போகலை சயா, முதுகுதான் போச்சு.”

மகன் வந்த அன்னிக்கு

கோ மின் வந்தாரு, கூடவே புரோக்கரும். அன்னிக்குன்னு பாத்து வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. ஏரி எது, தோட்டம் எதுன்னு தெரியல. என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. படுக்கையறையில நாலு பேரும் கழுத்தை நிமுத்தி சீலிங்கையே பாத்துக்கிட்டு நின்னோம். கோ மின் எதுக்கும் இருக்கட்டும்னு பேசினைக் கொண்டு வந்து கட்டில் மேல வெச்சாரு. புரோக்கர் சுவத்தைத் தடவிப் பாத்தாரு. டோ மியா யாரையும் பாக்கல, முந்தானை மாதிரி தோள்ல கிடந்த துண்டைக் கையில முறுக்கிக்கிட்டே இருந்தாங்க. காத்து ஜன்னலை உலுக்குது. ஒரு சொட்டு? ம்ஹூம். ரொம்ப நேரம் நின்னோம். பேசின் காய்ஞ்ச பேசினாவே இருந்துச்சு. அப்பாடா! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன.

கோ மின் புரோக்கர் கையில ஒரு குடையைக் கொடுத்து, வீடு விக்கலைன்னு சொல்லி அனுப்பி வெச்சாரு. டோ மியாவுக்குத் தமிழ் வந்துடுச்சு. ‘வீட்டை வித்தே தீரணும்னு நின்னியேடா’ன்னு மகனை ஒரு பிடி பிடிச்சாங்க. அவரு கட்டில் மேல இருந்த பேசினை எடுத்து ஓரமா வெச்சிட்டு, அம்மா பக்கத்துல உக்காந்தாரு. தமிழ் அவருக்குச் சரியா வராது, தட்டுத் தடுமாறித்தான் சொன்னாரு.

“ஒழுகுது, அதுக்கு இல்லம்மா. ராத்திரி பேசின் எடுக்க நீங்க மாடி ஏறி, ஈரத்துல வழுக்கி விழுந்தா, அங்க சிங்கப்பூர்ல எனக்கு யார் சொல்லுவா?”

இந்தத் தொழில்ல எங்களுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, ஊரே நனையிற மழையில ஒரு வீட்டுல இருந்து மட்டும் ஃபோன் வராம இருக்கிறதுதான்.