பின்னோக்கி ஏறிய லாரி

அர்மான் லெட்டூர்னோவிடம் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் மூன்று இருந்தன: ஒரு ஜீப், ஒரு முக்கால் டன் வண்டி, ஆறு சக்கர லாரி ஒன்று. வெர்மான்ட்டின் வடகோடியில், பெல்டன் மலைச்சாலை தொடங்கும் இடத்தில், அவன் வீட்டைவிடப் பெரிய கொட்டகையில் அவை நின்றன. பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. போருக்குப் போனவனில்லை. பதினெட்டு வயதில் தானாகவே போய் வரிசையில் நின்றான். ஒரு காது கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பட்டாளம் இவன வேணாம்னுச்சு. இவன் பட்டாளத்த விட மாட்டேங்கறான்" என்பாள் அவன் மனைவி டோரீன்.

பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்களின் உலகத்தில் கண்காட்சிகள் உண்டு, நடுவர்கள் உண்டு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்க வேண்டும். ஒரு திருகு மாறினாலும் மதிப்பெண் குறையும். அந்த ஆகஸ்ட் மாதம் அர்மான் லாரியின் அகலமான குளிர்காலச் சக்கரங்களைக் கழற்றி, பழைய ராணுவ அச்சிலேயே வார்த்த டயர்களை மாட்டினான். கட்டை கட்டையான பற்கள், கல் மாதிரி ரப்பர். பார்க்க அழகு. பனிக்கட்டியில் சோப்புக்கட்டி. கழற்றிய சக்கரங்களையும், அவற்றுக்கு மட்டுமே பொருந்தும் பனிச்சங்கிலிகளையும் ஒரு மரம்வெட்டியிடம் விற்றான். முதல் பரிசு கிடைத்தது. நீல ரிப்பனை டோரீன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

"ஜனவரி வரட்டும். இதையே சக்கரத்துல சுத்திக்கலாம்" என்றாள்.

ஜனவரியில் உறைமழை வந்தது. தண்ணீராக விழுந்து, தொட்டதை எல்லாம் கண்ணாடியாக்கும் மழை. இரண்டாம் நாள் காலை மின்கம்பிகள் அறுந்து கிடந்தன. பிர்ச் மரங்கள் தலைவணங்கி, பிறகு துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன. ஒன்பது மணிக்கு, எப்படியோ உயிரோடு இருந்த தொலைபேசி அடித்தது. மலை உச்சியில் மனைவி லூசிலோடு குடியிருக்கும் வில்லர்ட் கோப்.

"டேய் பட்டாளத்தான். அந்த இரும்புக் குப்பை ஓடுமா?"

"ஓடும். என்ன விஷயம்?"

"லூசிலோட ஆக்சிஜன் மெஷின் நின்னுடுச்சு. கரண்ட் இல்ல. கடைசி சிலிண்டர் போட்டிருக்கேன். பதினொண்ணரை வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம்..."  எழுபத்து நாலு வயதில் முதல் தடவையாக கிழவர் அர்மானிடம் ஓர் உதவி கேட்டார். "கீழ கொண்டு போயிடுறியா?"

அர்மான் ஜன்னல் வழியே கொட்டகைப் பக்கம் பார்த்தான். டோரீன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்" என்றான்.

மெயின் ரோடு வரை ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்கு மேல் வராது. தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் மெர்ல் குவிம்பி காலில் பனியில் வழுக்காத ஆணிப்பட்டை கட்டிக்கொண்டு அர்மான் வீட்டுக்கு நடந்துவந்தார். வழுக்காமலிருக்கச் சாலையில் மணல் தூவும் ஊராட்சியின் மணல் லாரி வேறொரு சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. மெர்லின் ஆள் ஒருவன் சிலிண்டரைத் தோளில் போட்டு மலையேறப் பார்த்திருக்கிறான். முதல் வளைவிலேயே விழுந்து மணிக்கட்டு போயிற்று.

"ஆறு சக்கரமும் இழுக்கும் இல்ல?" என்றார் மெர்ல்.

"இழுக்கும். ஆனா நிக்காது" என்றான் அர்மான். "இந்த டயரோட நேரா ஏறினா பாதி வழியில வழுக்கிட்டுத் திரும்பி வரும். பிரேக்கும் பழங்காலத்துது. ஒரே குழாய். அது போச்சுன்னா ஆறு சக்கரத்துக்கும் போச்சு."

டோரீன் குளிர்பெட்டிக் கதவிலிருந்த நீல ரிப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.  அந்தப் பார்வை திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மணல் லாரி ஓட்டுகிறவர்கள் மோசமான மேட்டில் பின்பக்கமாகவே ஏறுவார்கள். பின்னாலிருந்து மணல் விழும். வண்டி, தான் போட்ட மணலின் மேலேயே ஏறிப்போகும். எங்கள் பக்கத்தில் யாரும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறோம். அர்மான் லாரியைப் பின்னோக்கித் திருப்பிக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தினான். அங்கே மணல் குவிந்திருந்தது.

மெர்ல் குவியலைப் பார்த்தார். "ஊர் மணல் மேட்டுல வீட்டுக்கு ரெண்டு வாளிதான் எடுக்கலாம்னு போர்டு வச்சிருக்கோமே."

"நாங்க பெரிய குடும்பம்" என்றாள் டோரீன், கடப்பாரையை அவர் கையில் திணித்தபடி.

மேல் ஓடு உறைந்திருந்தது. உடைத்து, மூன்று பேரும் அரை மணி நேரம் வாரிப்போட்டார்கள். லாரியின் பின்கதவைத் தாழ்த்தி, டோரீனும் மெர்லும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார்கள். கத்தினால் அர்மானுக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். மண்வெட்டியால் இரும்புத் தளத்தில் ஒரு தட்டு என்றால் போ, இரண்டு என்றால் நில். டோரீனின் ஏற்பாடு.

மணி பத்து ஐந்து. ஒரு தட்டு.

அதற்குப் பிறகு நடந்ததில் டோரீன் சொன்னது பாதி, மெர்ல் சொன்னது பாதி. அர்மான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே சாய்த்து, பின்னால் பார்த்தபடியே அவன் ஓட்டினான். மனிதன் நடப்பதைவிட மெதுவாக. மணல் விசிறி விழுந்தது, சக்கரம் அதை மென்றது, மறுபடி மணல். முதல் வளைவு தாண்டியது. மேலிருந்து ஒரு கிளை முறிந்து, கண்ணாடிச் சில்லுகளோடு மெர்லின் தொப்பியில் இறங்கியது. அவர் கெட்ட வார்த்தை சொன்னார். அது பிரெஞ்சில் இருந்ததால் டோரீன் மன்னித்தாள்.

இரண்டாம் வளைவில் ஓடைப் பள்ளம் வலப்புறம் வாயைப் பிளந்திருக்கும். அங்கே முன்சக்கரங்கள் மணலைவிட்டு நழுவின. லாரியின் மூக்கு மெல்ல, அவசரமில்லாமல், பள்ளத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியது. மண்வெட்டி இரண்டு தடவை அடித்தது. அர்மான் நிறுத்தவில்லை.

"நில்லுன்னா நில்லுடா!" என்று டோரீன் கத்தினாள்.

பிரேக்கைத் தொட்டிருந்தால் ஆறு சக்கரமும் பூட்டிக்கொண்டு மொத்த வண்டியும் போயிருக்கும். அவன் அதே வேகத்தில், ஸ்டீரிங்கை ஒரு விரற்கடை மட்டும் ஒடித்து, பின்சக்கரங்கள் இழுக்கும் இழுப்பிலேயே மூக்கைத் திரும்பக் கொண்டுவந்தான். அதற்குள் முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்புக் கல்லை உரசிவிட்டு வந்திருந்தது.

மணி பத்து நாற்பது. கோப் வீட்டின் புகைபோக்கி தெரிந்தது. இன்னும் இருநூறடி. மண்வெட்டி வெறும் இரும்புத் தளத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"மணல் தீந்துடுச்சு" என்றார் மெர்ல்.

லாரி தன் கடைசி மணலின்மேல் நின்றது. அர்மான் கைப்பிரேக்கை மூச்சு விடுவதுபோல் மெதுவாக இழுத்தான். மேலே வாசலில் வில்லர்ட் நிற்பது தெரிந்தது.

டோரீன் வாயருகே கைகளைக் குவித்தாள். "வில்லர்ட்! சாம்பல் இருக்கா? அடுப்புச் சாம்பல்!"

கிழவர் உள்ளே போனார். விறகு அடுப்பு எரிப்பவர்கள் சாம்பலை எறிவதில்லை. வசந்தத்தில் தோட்டத்துக்கு வேண்டும். இரண்டு தகர டின்களோடு வந்தார். நின்றால் விழுவோம் என்று தெரிந்து, வாசலிலேயே உட்கார்ந்தார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து, இரு கையாலும் சாம்பலைத் தூவிக்கொண்டே கீழே வந்தார். தொட்டியில் குளிக்கும் குழந்தைபோல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"தக்காளிக்கு வச்சிருந்தேன்" என்றார், பக்கத்தில் வந்ததும்.

"எப்படி இருக்காங்க?" என்றான் அர்மான்.

"பேச மாட்டேங்கறா. பேசறத நிறுத்தினா பயமா இருக்கு."

சாம்பல் பிடித்தது. லாரி வாசல்வரை போயிற்று. லூசிலை நாற்காலியோடு தூக்கிவந்து ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் வைத்துப் போர்த்தினார்கள். சிலிண்டர் அவள் முழங்கால்களுக்கு நடுவே. அதன் அளவுமானி முள் சிவப்புக்கோட்டில் படுத்திருந்தது. அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மற்ற மூவரும் பின்னால் ஏறினார்கள்.

இப்போது முகம் கீழ்நோக்கி. முதல் கியர். ஆனால் மழை ஓயவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட மணலின்மேல் மெல்லிய கண்ணாடி படர்ந்திருந்தது. இரண்டாம் வளைவுக்கு முன்னாலேயே பின்பக்கம் ஒருக்களித்து நழுவத் தொடங்கியது. இந்தத் தடவை பள்ளம் இடப்பக்கம். முதல் கியரில் எஞ்சினே சக்கரங்களை உருளவிடாமல் பிடிக்கிறது, அதனால்தான் வழுக்குகிறது என்று அர்மானுக்குப் புரிந்தது. வழுக்குகிற வண்டியில் அவன் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். உருளட்டும் என்று. உருண்டது. அந்த ஒரு நொடியில் ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்து, ஒரு பக்கத்துச் சக்கரங்களைச் சாலையோரச் சாக்கடையில் இறக்கினான்.

அங்கே உறைந்த பழைய பனியும் கற்களும் இருந்தன. பரிசு வாங்கிய ரப்பர் கிழியும் சத்தம் உள்ளேயே கேட்டது. வண்டி சாய்ந்தபடி, ஒரு கால் குழியில் நடப்பவனைப் போல, இறங்கியது. வலது ஓரத்தில்தான் எங்கள் தபால்பெட்டிகள் கம்பத்தில் நிற்கும்.

முதல் இடி.

"அது டிராஸ்க் வீட்டோடது!" என்றார் வில்லர்ட், பின்னாலிருந்து.

இரண்டாவது.

"ஹேஸல்டைன்! அவ கேஸ் போடுவா!"

"போடட்டும், குனிஞ்சுக்குங்க!" என்றாள் டோரீன்.

மூன்றாவது அர்மானுடையது. அதை யாரும் அறிவிக்கவில்லை.

லூசிலின் தலை அவன் தோளில் விழுந்தது. அவன் சாலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "லூசில். இன்னும் கொஞ்சந்தான். லூசில்" என்று பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். முள் இப்போது சிவப்பைத் தாண்டி ஆணியில் முட்டிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் நிறுத்த எதுவும் இல்லை. கொட்டகை வாசலில் உழுது தள்ளிய பனி ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. லாரியை அதற்குள் செருகினான். எல்லோரும் ஒருமுறை முன்னால் வந்து, ஒருமுறை பின்னால் போனார்கள். எஞ்சின் இருமி அணைந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் ஆணிப்பட்டைச் செருப்போடு சறுக்குக் கட்டிலை இழுத்து ஓடிவந்தார்கள். புதுச் சிலிண்டர், மூக்குக் குழாய், விரலில் ஒரு கவ்வி. ஒருவன் சின்னத் திரையைப் பார்த்து ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொன்னான்.

"எழுபத்தெட்டு."

வில்லர்ட் லாரியின் பின்கதவில் முழங்காலிட்டிருந்தார். தலைமுதல் கால்வரை சாம்பல்.

"எண்பது. எண்பதுதான்." இடைவெளி. "எண்பத்து நாலு."

 மழை தகரக்கூரையில் பொரிந்துகொண்டிருந்தது.

"எண்பத்தொன்பது. தொண்ணூறு."

லூசில் கண்ணைத் திறந்தாள். புகை நிற ஆளைப் பார்த்தாள். "என்ன கோலம் இது?" என்றாள்.

"பேசிட்டா" என்றார் வில்லர்ட். யாரிடம் என்று தெரியவில்லை. மெர்ல் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்.

அர்மான் பனிக்குவியலில் சாய்ந்து நின்றான். கதவை மூடப்போன பையனை நிறுத்தினான்.

"தொண்ணூறு போதுமா?"

"போதும். இப்போ தொண்ணூத்தி ரெண்டு."

கதவு மூடியது. மணல் போட்ட மெயின் ரோட்டில் வண்டி மெதுவாகத் திரும்பிப் போனது. அது மறையும்வரை டோரீனும் அவனும் மழையிலேயே நின்றார்கள்.