திருவானைக்காவல் வளைவில் ஒரு பெரிய கார்

நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்குக் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். வீடு தங்காத முப்பது வருஷத்துக்குப் பரிகாரமாக, மனைவியை ஊர் ஊராகக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

இன்று திருவானைக்காவலில் நான்காவது பழைய கார் பார்த்தோம். தோல் சீட் போட்ட பெரிய வெளிநாட்டு வண்டி. எஞ்சின் சத்தத்திலேயே மயங்கிவிட்டேன்.

"ஓட்டிப் பாருங்க சார்," என்றார் சொந்தக்காரர்.

ஓட்டினேன். வளைவு வந்தது. வண்டி நேராகப் போய் வைக்கோல் போரில் முட்டி நின்றது.

"ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லையே சார்!"

இத்தனை வருஷமும் தண்டவாளம்தான் எனக்காகத் திரும்பியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பின்சீட்டிலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸுலயே போயிடலாங்க."

நாளை காட்டூரில் ஒரு கார் இருக்கிறதாம். அந்தத் தெருவில் வளைவு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.