மருந்து அறைக்கு முன்னால் முகம் பார்க்கிறவர்

சென்னைக் கம்பெனி ஒன்றில் பதினொரு பேருக்கு நான் மேலாளர். திங்கள்தோறும் எல்லோரையும் கண்ணை மூட வைத்துப் பத்து நிமிடம் தியானம் நடத்துவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. போன தையில், அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண் அன்று மதியமே மயங்கி விழுந்தாள். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சிவகாசிப் பக்கம் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஆள் முகத்தைப் பார்த்து வேலை கொடுக்கும் போர்மேன் ஒருவர் இருப்பதாக நண்பர் சொல்ல, மாசியில் கிளம்பினேன்.

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் சிவகாசி. லாட்ஜ் அறை எண்ணூறு ரூபாய். மறுநாள் காலை 5.15க்கு ஆட்டோ, தாயில்பட்டிக்கு நானூறு.

"பட்டாசு வாங்கவா வந்தீக?" என்றார் டிரைவர்.

"இல்லை, வேலை நடப்பதைப் பார்க்க."

"அத யாரு பாக்க வருவா? செத்தாத்தான் வருவாக."

கம்பெனி வாசலில் போர்மேன் ராமர் அண்ணாச்சி நின்றிருந்தார். வெயில் ஏறுமுன் வெடிமருந்து கலந்து முடிக்க வேண்டும். கலக்கப் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, தூங்கினாயா, வீட்டில் சண்டையா என்று கேட்டு, முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

ஆறு மணிக்கு முனியாண்டி வந்தார். மகள் மூன்று நாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"ஏலே, கை இங்கன இருக்கு, மனசு அங்கன கெடக்கு. இன்னைக்கு மருந்து வேண்டாம்லே. பேப்பர் ஒட்டு."

"அதுல என்ன கூலிண்ணே கெடைக்கும்? புள்ளைக்கு ஊசி வாங்கணும்."

"எங்கிட்ட வாங்கிக்க."

"இனாம் வேண்டாம்." முனியாண்டி விறுவிறுவென்று கிழக்கே நடந்தார். அரைக் கிலோமீட்டரில் இன்னொரு கம்பெனி. அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லையாம். அண்ணாச்சி இரண்டு முறை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எம் மச்சினன் மருந்து வெடிச்சுப் போன பெறகுதான். அன்னைக்கு மாலை போட்டிருந்தேன். இதே வாசல்ல கண்ண மூடிச் சாமி கும்பிட்டுக்கிட்டு நின்னேன். ராத்திரி பூரா தூங்காதவன், என்னத் தாண்டி உள்ள போயிட்டான். சாமிய நெனச்சேன், அவன் மொகத்தப் பாக்கல."

நானும் கண்ணை மூடினவள்தானே. தியானத்தை இன்னும் நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மற்றவர்கள் கண்ணை மூடும்போது நான் மூடுவதில்லை.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பருத்தி உடை உடுத்துங்கள். கைபேசியை லாட்ஜிலேயே விட்டுவிடுங்கள். தீபாவளி சீசனில் வேண்டவே வேண்டாம், நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. சிவகாசிக்குத் திரும்ப 8.40க்குப் பேருந்து உண்டு.

நான் போய் வருகிறேன் என்றது அண்ணாச்சி காதில் விழவில்லை. கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்கு அங்கன மருந்து வேல முடிஞ்சிரும். அதுவரைக்கும் சத்தம் எதுவும் கேக்காம இருக்கணும்" என்றார்.

அப்போது மணி எட்டு இருபது.